சிதம்பரம் பிள்ளையின் கைமுதல்

வேம்பார் முதல் மணப்பாடு வரை பரந்துள்ள முத்துக்குளித்துறை மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலோடியவர்கள். ஆயினும் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நீராவிக் கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியாரின் ஏகபோகமாய் இருந்தது. அதனை எதிர்க்கத் துணிந்தவர் ஓர் வக்கீல்.

வ. உ. சிதம்பரம் பிள்ளை 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் ரூபாய் 10 லக்ஷம். பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். பிள்ளையவர்கள் உதவிக் காரியதரிசி மாத்திரமே.

பதவி சிறிது, ஆனால் கம்பெனியின் உயிர் அவரே. கடனுக்கும் பங்குப் பணத்துக்கும் அவர் ஈடாக வைத்தது தமது சொல்லையும் நடத்தையையுமே. கப்பலுடன் மீள்வேன், அன்றேல் கடலில் வீழ்ந்து மாய்வேன் என்று சபதம் செய்து பம்பாய் சென்றார் என்பர். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் வந்து சேர்ந்தன. ஏகபோகக் கம்பெனியார் கட்டணத்தைக் குறைத்தனர். இலவசமாக ஏற்றிச் செல்வதாகவும், குடை ஒன்று தருவதாகவும் ஆசை காட்டினர். ஜனங்கள் அசையவில்லை. அவர்கள் சீட்டு வாங்கியது ஸ்டீமருக்கன்று, சிதம்பரம் பிள்ளைக்கு.

இங்கேதான் இந்த வியாபாரத்தின் பலமும் பலவீனமும் ஒருங்கே அடங்கியிருந்தன. சட்டத்தின் கண்ணில் கம்பெனி என்பது பங்குதாரரினின்றும் வேறான தனி நபர். எவர் மறைந்தாலும் அது நிலைக்கும். ஜனங்களின் கண்ணிலோ கம்பெனியும் பிள்ளையும் ஒன்றே. இதனைச் சர்க்கார் நன்கறிந்திருந்தது. கப்பலைத் தொட வேண்டுவதில்லை, மனிதனைப் பிடித்தாற் போதும்.

1908 பிப்ரவரியில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர் முன்னின்றார். தம் வியாபாரத்துக்கு இடையூறு நேரும் என்று அஞ்சி ஏழைகளின் பக்கம் நில்லாதிருந்தால், அவர் பெற்றிருந்த நம்பிக்கைக்கே அவர் துரோகியாகியிருப்பார். மார்ச் 12இல் கைதானார். ஜூலை 7இல் ஜட்ஜ் பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அப்பீலில் அது குறைந்தது. கோயமுத்தூர்ச் சிறையில் அந்த வக்கீல் செக்கிழுத்தார்.

வெளியே கம்பெனி தளர்ந்தது. 1911இல் அது கலைக்கப்பட்டு, கப்பல்கள் போட்டியாளர் வசமே போயின. 1912 டிஸம்பரில் அவர் விடுதலையானபோது, முன்பு அவர் பின் திரண்ட பெருங்கூட்டத்தைக் காணோம். வக்கீல் ஸன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் சில்லறை வியாபாரம் செய்து வறுமையில் உழன்றார். பின்னர் ஸன்னதைத் திரும்பப் பெற்றார். 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் காலமானார்.

தம் பெயரை முதலாக்கி வாணிகம் செய்வோர் இன்று பலர். அவர்கள் பெயரால் லாபம் தேடுகின்றனர். பிள்ளையவர்களோ பெயருக்கு உரிய விலையைத் தாமே கொடுத்தார். ஆனால் நமக்கும் ஒரு கடன் உண்டு. ஒருவரை நம்பிப் பங்கெடுத்தோர், அவர் கைகள் கட்டுண்ட நாளில் அந்தச் சுக்கானைத் தாமே பிடித்திருக்க வேண்டும். அவரைக் கைவிட்டது கடலன்று, கரையே.