ஒப்பந்தத்தைக் கிழித்த கிழவர்

பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 2021ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தது. தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று மந்திரி கருதினால், கையெழுத்தாகிப் பணமும் கைமாறிவிட்ட கம்பெனி வியாபாரத்தைக்கூடக் கலைத்துவிடலாம் என்பது அந்தச் சட்டம். நாம் அதைக் குறை சொல்லவில்லை. நாட்டைவிடக் கம்பெனி பெரிதல்ல. ஆனால் இதே உரிமையை 70 ஆண்டுகளுக்கு முன் ஈரான் எடுத்துக்கொண்டபோது, லண்டன் துரைமார் அதற்கு வைத்த பெயர் திருட்டு! அந்தப் பழியைச் சுமந்த பிரதமர் டாக்டர் மொசாடெக்கின் கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

1882இல் டெஹ்ரானில் பிறந்தவர். தாய் அரச வம்சம். தந்தை நிதித்துறையில் பெரிய அதிகாரி. சுவிட்சர்லாந்தில் சட்டம் படித்து டாக்டர் பட்டம் பெற்றார். பாட்டாளி அல்லர், நிலபுலன் உள்ள சீமான்தான். ஆனாலும் 1925இல் ரேசா கான் என்ற தளபதி முடிசூட்டிக்கொள்ள முனைந்தபோது, சபையில் எழுந்து எதிர்த்த மிகச் சிலரில் அவர் ஒருவர். பிற்பாடு அதற்குக் கூலியாகச் சிறை கிடைத்தது.

ஒப்பந்தத்தின் கதையோ அதற்கும் முந்தியது. 1901இல் டார்சி என்பவர் ஈரான் மன்னரிடம் 60 ஆண்டு எண்ணெய்க் குத்தகை வாங்கினார். லாபத்தில் ஈரானுக்கு 16 சதவீதம்! 1908இல் எண்ணெய் பீறிட்டது. 1914இல், கடற்படைக்கு எரிபொருள் வேண்டுமென்று பிரிட்டிஷ் அரசே கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக்கொண்டது. அவர்கள் பாதுகாப்பு அவர்களுக்கு! 1933இல் ரேசா ஷா புது ஒப்பந்தம் போட்டார். 1993 வரை செல்லும். ஈரான் அரசு அதை ரத்து செய்யவே கூடாது என்று ஒரு ஷரத்து. அபாதானில் உலகிலேயே பெரிய சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அதில் உழைத்தவன் குடிசையில் கிடந்தான். 1950இல் கம்பெனி லண்டனுக்குக் கட்டிய வரி, மண்ணுக்குடைய ஈரானுக்குக் கொடுத்த பங்கைவிடப் பல மடங்கு.

மொசாடெக் கணக்குக்காக மட்டும் சண்டை போடவில்லை. மந்திரிசபையை ஆட்டிவைக்கும் அந்நியக் கம்பெனி உள்ளே இருக்கும்வரை நாடு சுதந்திர நாடல்ல என்பதே அவர் வாதம். 1944இலேயே, சபையின் சம்மதமின்றி எந்த மந்திரியும் எண்ணெய்க் குத்தகை பேசக்கூடாதென்று சட்டம் கொண்டுவந்தவர் அவர். 1951 மார்ச்சில் எண்ணெய் தேசவுடைமை ஆயிற்று. ஏப்ரலில் அவர் பிரதமர். நஷ்டஈடு கொடுக்க மாட்டேன் என்றாரா? இல்லை. கம்பெனியின் கோரிக்கைக்காக வருமானத்தில் 25 சதவீதம் வரை வங்கியில் ஒதுக்கி வைக்கலாமென்று சட்டத்திலேயே எழுதினார்கள். திருடன் இப்படிச் செய்வதுண்டா?

பிரிட்டன் கடலை மறித்தது. ஈரான் எண்ணெயை ஏற்றிச் சென்ற ரோஸ் மேரி கப்பலை 1952இல் ஏடனுக்குத் திருப்பிக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஹேக் நகர சர்வதேச நீதிமன்றத்துக்கும் போனார்கள். எழுபது வயதுக் கிழவர், நோயாளி, தாமே அங்கே சென்று தம் நாட்டின் வழக்கைச் சொன்னார். படுக்கையிலிருந்தே ஆட்சி நடத்துகிறார், சபையிலே அழுகிறார் என்று மேல்நாட்டுப் பத்திரிகைகள் கேலி செய்துகொண்டிருந்த காலம் அது.

அந்த ஜூலையில் ஷாவுடன் மோதல் முற்றி அவர் ராஜினாமா செய்தார். 21ஆம் தேதி டெஹ்ரான் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். பலர் சுடப்பட்டு மாண்டார்கள். கிழவர் மீண்டும் பிரதமரானார். மறுநாள் ஹேக்கில் தீர்ப்பு. ஒரு அரசும் ஒரு கம்பெனியும் போட்ட ஒப்பந்தம் இரு நாடுகளின் உடன்படிக்கை ஆகாது, எனவே இந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் தனக்கில்லை என்றது நீதிமன்றம். ஒன்பது நீதிபதிகள் அந்தப் பக்கம். அவர்களில் பிரிட்டிஷ் நீதிபதி மெக்நேரும் ஒருவர்! நீதிக்கு அஞ்சிய அந்த மனிதரை நாம் வணங்குகிறோம்.

நீதிமன்றத்தில் தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. பணத்தை இறைத்தார்கள், பட்டாளத்தில் ஆள் பிடித்தார்கள். அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் சேர்ந்து 1953 ஆகஸ்ட் 19 அன்று மொசாடெக்கைக் கவிழ்த்தன. அதில் தன் பங்கை அமெரிக்க உளவுத்துறையின் ஆவணமே ஒப்புக்கொண்டது 2013இல் வெளியாயிற்று. 1954இல் எண்ணெயை நடத்த ஒரு கம்பெனிக் கூட்டு வந்தது. பழைய கம்பெனிக்கு அதில் 40 சதவீதம்.

கிழவருக்கு மூன்றாண்டுச் சிறை. அதன்பின் சாகும்வரை அகமதாபாத்தில் வீட்டுக்காவல் (குஜராத்தில் உள்ளதல்ல, டெஹ்ரானுக்கு மேற்கே அவருடைய சொந்தக் கிராமம்). 1967 மார்ச் 5ஆம் தேதி கண்மூடினார். 1952 ஜூலையில் தமக்காக மாண்டவர்களின் அருகே தம்மைப் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஷா அனுமதிக்கவில்லை. காவலில் இருந்த வீட்டிலேயே, ஓர் அறையின் தரையைத் தோண்டிப் புதைத்தார்கள்.