உடுவிலில் முதுமை கண்ட அமெரிக்கத் தம்பதி

கடந்த ஆடி அமாவாசைக்கு அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு கீரிமலைக்குப் போயிருந்தேன். கேணிக்கரையில் ஐயர் சொல்லச் சொல்ல, தம்பி அப்பாவுக்காக எள்ளும் தண்ணீரும் இறைத்தான். அம்மா கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்களுடைய காணி அங்கிருந்து அதிக தூரமில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது எனக்கு ஒரு வயது. அந்தக் காணிக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்த அப்பா, கடைசியில் ஒரு வாடகை வீட்டில்தான் கண்ணை மூடினார்.

தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் என்று திரும்பி வரும் வழியில் மருதனார்மடம் தாண்டினால் உடுவில் வரும். அந்த ஊரில், பூமியின் மறுபக்கத்திலிருந்து வந்த ஒரு கணவனும் மனைவியும் நாற்பது வருடங்களாக ஒரே வளவுக்குள் வாழ்ந்து, முதுமையடைந்து, அங்கேயே இறந்தார்கள். லெவி ஸ்போல்டிங், மேரி ஸ்போல்டிங் என்பது அவர்களது பெயர். சொந்த ஊரில் சாகக் கிடைக்காத ஒருவரின் பிள்ளையாக இருந்துகொண்டு, சொந்த ஊரை விட்டு வந்து இங்கே சாகச் சம்மதித்தவர்களைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

லெவி 1791இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தில் பிறந்தவர். டார்ட்மத் கல்லூரியிலும் அன்டோவர் இறையியல் கல்லூரியிலும் படித்தார். மேரியும் அதே மாநிலத்துப் பெண். 1819 யூன் மாதம் பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து இந்தஸ் என்ற பாய்க்கப்பலில் இருவரும் புறப்பட்டார்கள். அப்போது லெவிக்கு வயது 27. அதே கப்பலில் வின்ஸ்லோ, உட்வேர்ட், ஸ்கடர் ஆகியோரும் தங்கள் மனைவியரோடு வந்தார்கள். கல்கத்தா வந்துசேரவே நான்கு மாதங்களுக்கு மேல் பிடித்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1816இல் தெல்லிப்பழையில் தொடங்கியிருந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன பாழடைந்த தேவாலயங்களும் வீடுகளும்தான் அவர்களுக்குக் கிடைத்தன. கூரை வேய்வதிலிருந்தே வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது.

வந்த உடனேயே ஒரு கதவு மூடிக்கொண்டது. 1820இல் ஒரு அமெரிக்க அச்சுத் தொழிலாளி வந்திறங்கியபோது, அப்போதைய பிரித்தானிய நிர்வாகம் அவரைத் தங்க விடவில்லை. இதற்குமேல் அமெரிக்க மிஷனரிகள் எவரும் வரக்கூடாது என்றும் உத்தரவிட்டது. 1833 வரை இந்தத் தடை இருந்தது. ஏற்கனவே வந்திருந்த சிலரே பள்ளிக்கூடம், தேவாலயம், வைத்தியம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதாயிற்று. ஒருவர் நோயில் விழுந்தால் அவருடைய வேலை மற்றவர் தலையில் விழுந்தது. ஊரிலிருந்து ஒரு கடிதம் வருவதற்கு மாதக்கணக்கானது. அம்மா இறந்த செய்தி வரும்போது ஊரில் அந்தத் துக்கமே பழசாகியிருக்கும். கடிதத்துக்காகக் காத்திருப்பது என்னவென்று, தொண்ணூறுகளில் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக வரும் ஒரு தாளுக்குக் காத்திருந்த எங்கள் தாய்மாருக்குத் தெரியும்.

மானிப்பாயிலும் தெல்லிப்பழையிலும் இருந்த பிறகு, 1833இல் ஸ்போல்டிங் தம்பதியர் உடுவிலுக்கு வந்தார்கள். அங்கே 1824இல் ஹரியற் வின்ஸ்லோ தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை நடந்துகொண்டிருந்தது. அந்த வருடம் தை மாதம் ஹரியற் இறந்துபோனார். பாடசாலையை யாராவது ஏற்க வேண்டும். மேரி ஏற்றார். அடுத்த சில வருடங்களில் அவர்களோடு வந்தவர்கள் ஒவ்வொருவராக இல்லாமற் போனார்கள். உட்வேர்ட் இறந்தார். வின்ஸ்லோவும் ஸ்கடரும் 1836இல் சென்னைக்குப் போனார்கள். இந்தஸ் கப்பலில் வந்த நான்கு தம்பதியரில் யாழ்ப்பாணத்தில் மிஞ்சியவர்கள் ஸ்போல்டிங் தம்பதியர் மட்டும்தான்.

அக்காலத்தில் பெண்பிள்ளை ஏடு தொடுவது குடும்பத்துக்கு ஆகாது என்று நினைத்தவர்கள்தான் அதிகம். பிள்ளையை அனுப்புங்கள் என்று கேட்டு வீடுவீடாகப் போக வேண்டியிருந்தது. சாப்பாடும் உடுப்பும் மிஷன் கொடுத்தது. படிப்பு முடித்துக் கலியாணம் செய்யும்போது சிறு சீதனமும் கொடுத்தது. வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்த இளைஞர்களுக்கும் உடுவில் பெண்களுக்கும் கலியாணம் பேசி முடிப்பதும் நடந்தது. ஆக, மேரியின் வேலை வகுப்பறையோடு முடியவில்லை. பிள்ளைகளின் சாப்பாடு, காய்ச்சல், தாய்தகப்பனின் கோபம், வரன் பார்ப்பது எல்லாம் அவர் கையில்தான். 1840இல் எலைசா அக்னியூ வந்து அதிபர் பொறுப்பை ஏற்று, 1879 வரை நடத்தினார். மேரி அதே வளவில் தொடர்ந்து இருந்தார்.

லெவி தமிழில் ஊறியவர். மாட்டு வண்டியிலும் நடந்தும் ஊர்களுக்குப் போவார், தமிழிலேயே பிரசங்கம் செய்வார், தமிழில் ஞானப்பாட்டுகள் எழுதுவார். 1834இல் கடல் தாண்டிப் போய் மதுரையில் மிஷன் தொடங்க வழி பார்த்து வந்தவரும் அவர்தான். ஜோசப் நைற் என்ற ஆங்கிலேய மிஷனரி தொடங்கிய சொற்சேகரிப்பு வேலையை அவருக்குப் பின் இவர் கையிலெடுத்தார். அதிலிருந்து 1842இல் மானிப்பாய் அகராதி என்று பெயர்பெற்ற யாழ்ப்பாண அகராதி அச்சானது. ஏறக்குறைய 58,500 சொற்கள் அதில் இருந்தன. சந்திரசேகர பண்டிதர் போன்ற நம்மூர்த் தமிழறிஞர்களின் உழைப்பு இல்லாமல் அது நடந்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

இதெல்லாம் நன்றிக் கதையாக மட்டும் முடிந்துவிடுவதில்லை. அவர்கள் வந்தது நம்மை மதம் மாற்றத்தான். கீரிமலையில் தீர்த்தமாடுவதும் திவசம் கொடுப்பதும் அவர்கள் கண்ணில் இருட்டு. விடுதிப் பிள்ளைகள் பலருக்கு, காசு அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர் சூட்டப்பட்டது. தாய்தகப்பன் வைத்த பெயர் அதற்குப் பின்னால் மறைந்தது. விடுதிகளில் அதிகம் இடம் பிடித்தவர்கள் உயர்சாதி என்று சொல்லப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளே. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கியதற்குப் பின்னால் இந்தக் கோபமும் இருந்தது. ஒரு வகையில் அந்தப் போட்டியே ஊரெங்கும் பள்ளிக்கூடங்களை முளைக்க வைத்தது.

அவர்கள் கொடுத்த விலையும் சிறியதல்ல. மிஷன் குடும்பங்கள் பிள்ளைகளை வளர்ந்ததும் அமெரிக்காவுக்கு அனுப்பிவிடும். பிறகு வருடக்கணக்கில் முகம் பார்க்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையை வீடியோவில் மட்டும் பார்க்கும் நம் தாய்மாருக்குக் கிடைக்கும் அந்த வீடியோகூட மேரியைப் போன்றவர்களுக்கு இல்லை. ஐம்பத்துச் சொச்ச வருடத்தில் ஸ்போல்டிங் தம்பதியர் தாய்நாடு போய் வந்தது 1840களின் நடுவில் ஒரே ஒரு தடவை. அங்கேயே தங்கிவிட்டிருக்கலாம். திரும்பி வந்தார்கள். 1855இல் மிஷனின் தலைமை வட்டுக்கோட்டைச் செமினறியை மூடியதையும், கூட வேலை செய்த டானியல் பூவர் அதே வருடம் மானிப்பாயில் கொலராவால் இறந்ததையும் பார்த்தார்கள். அதன் பிறகும் இருந்தார்கள்.

லெவி ஸ்போல்டிங் 1873 யூன் மாதம் உடுவிலில் இறந்தார். வயது 81. அடுத்த வருடம் மேரியும் போய்ச் சேர்ந்தார். கடைசிக் காலத்தில் அவர்களைச் சுற்றி இருந்தவர்கள், அவர்களிடம் படித்த பெண்களும் அந்தப் பெண்களின் பிள்ளைகளும்தான்.

அவர்கள் விரும்பி வந்து விரும்பி இருந்தார்கள். நாங்கள் விரும்பிப் போகவில்லை. இந்த வித்தியாசத்தை மறந்து இரண்டையும் ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு விடயம் என் மனதை விட்டுப் போகவில்லை. என் அம்மம்மா ஒரு சிறிய மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். சைவம் மாறவில்லை, வெள்ளிக்கிழமை விரதமும் விடவில்லை. முகாமில் நிவாரணப் படிவங்கள் வந்தபோது, சுற்றிவர இருந்த பெண்களுக்கெல்லாம் அவர்தான் நிரப்பிக் கொடுத்தாராம். காணாமற்போன மகனின் பெயரை, காணி எல்லையை, வீட்டில் இருந்த சாமான்களை அவர்கள் சொல்ல, அம்மம்மா எழுதினார். பெண் எழுதப் படிக்கலாம் என்று இந்த மண்ணில் வீடுவீடாகப் போய்க் கேட்டவர்களில் மேரி ஸ்போல்டிங்கும் ஒருவர்.

கீரிமலையிலிருந்து திரும்பிய அன்று உடுவிலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அம்மம்மா எழுதிய எங்கள் காணிப் படிவத்தின் பிரதி இன்னும் றங்குப்பெட்டிக்குள் இருப்பதாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தோம். நான்கு எல்லைகளும் தெளிவான கையெழுத்தில் இருந்தன.