டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி

வயிற்றுப் பிழைப்பை முன்னிட்டு மனிதன் செய்யும் வேலை ஒன்று. எவரும் ஏவாமல், கூலி எதிர்பாராமல், மனம் விழைந்து செய்யும் வேலை மற்றொன்று. முதலாவதைச் செய்யாதவன் உயிர்வாழ இயலாது. இரண்டாவதை அறியாதவன் உயிர்வாழ்ந்தும் வாழ்வின் சுவையை அறியாதவனேயாவான். நம்மவரில் எத்தனையோ பேர் முப்பது வருஷம் கோர்ட்டுக்கோ காரியாலயத்துக்கோ கடைக்கோ ஒழுங்காகப் போய் வருகிறார்கள், குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள், மக்களுக்கு விவாகம் செய்து வைக்கிறார்கள். உத்தியோகம் முடிந்த மறுநாள் காலையில், எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் திகைத்து உட்காருகிறார்கள். இது சிறு துன்பமன்று. பணம் இருந்தும், பிள்ளைகள் இருந்தும், உடம்பில் நோய் இல்லாதிருந்தும் மனிதனை உள்ளேயிருந்து அரிக்கும் துன்பம் இது.

மனத்துக்குகந்த ஒரு கலையையோ கைத்தொழிலையோ ஆராய்ச்சியையோ கைக்கொள்ளுங்கள் என்று இவர்களுக்குச் சொன்னால், பொழுதில்லை என்பர் சிலர். பொருளில்லை என்பர் வேறு சிலர். அதற்கு வேண்டிய படிப்பில்லை என்பர் பின்னும் சிலர். பொதுக் காரியங்களில் உழைப்பவர்களோ, தலைக்கு மேல் கடமைகள் இருக்கையில் சொந்த இன்பம் எதற்கு என்று கேட்பர். இந்நான்கு ஆட்சேபங்களுக்கும் ஒரு மனிதருடைய வாழ்க்கையே விடையாக நிற்கிறது. அவர் அரசருமல்லர், பண்டிதருமல்லர். ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் என்னும் நகரில் துணி விற்றவர். அந்தோனி வான் லீவன்ஹூக் என்பது அவர் பெயர். கண்ணுக்குப் புலனாகாத கிருமிகளின் உலகத்தை மனித ஜாதியில் முதன்முதல் கண்டவர் இவரே.

லீவன்ஹூக் 1632-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் பிறந்தார். தந்தை கூடை முடைபவர். மகனுக்கு ஐந்து வயது முடிந்து ஆறு நிரம்புமுன் அவர் காலமானார். தாய் மறுமணம் செய்துகொண்டாள். பிள்ளைக்குச் சிறிது பள்ளிப்படிப்புக் கிடைத்தது. சர்வகலாசாலையின் வாசற்படியை அவர் மிதிக்கவேயில்லை. அக்காலத்து ஐரோப்பாவில் சாஸ்திரங்களுக்கெல்லாம் திறவுகோலாக இருந்தது லத்தீன் பாஷை. அந்தப் பாஷை அவருக்குத் தெரியாது. தாய்மொழியாகிய டச்சைத் தவிர வேறு எம்மொழியும் அவர் கற்றதில்லை. பதினாறாம் வயதில், 1648-ல், ஆம்ஸ்டர்டாம் நகரத்துத் துணிக்கடை ஒன்றில் தொழில் பழக அமர்த்தப்பட்டார்.

1654-ல் அவர் பிறந்த ஊருக்குத் திரும்பி, விவாகம் செய்துகொண்டு, சொந்தமாகக் கடை வைத்தார். டச்சுக்காரர்கள் நமது பழவேற்காட்டில் கோட்டை கட்டிக்கொண்டு, சோழமண்டலக் கரை நெசவாளரின் துணிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற காலம் அது. ஹாலந்தில் துணி வியாபாரம் செழித்திருந்தது. லீவன்ஹூக்கின் வீட்டிலோ துக்கம் குடிகொண்டது. பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு சிசுப் பருவத்திலேயே மாண்டன. மரியா என்ற ஒரு பெண் மட்டுமே பிழைத்தாள். 1666-ல் மனைவியும் இறந்தாள். 1671-ல் அவர் மறுபடியும் விவாகம் செய்துகொண்டார்.

பிழைப்புக்குக் கடை ஒன்றையே நம்பி அவர் இருந்துவிடவில்லை. 1660-ல், நகரத்து நீதிபதிகள் கூடும் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் அவருக்குக் கிடைத்தது. மண்டபத்தைத் திறந்து மூடுவதும், குளிர்காலத்தில் கணப்பு மூட்டி வைப்பதும், சுத்தமாக வைத்திருப்பதும் அந்த உத்தியோகத்தின் பொறுப்புகள். 1669-ல் நில அளவை செய்வதற்குரிய தகுதிப் பத்திரம் பெற்றார். 1679-ல், மது வகைகளை அளந்து சோதிக்கும் பதவியும் அவரை வந்தடைந்தது. கடை, மண்டபம், அளவுக்கோல், பீப்பாய் என்று இத்தனை காரியங்களுக்கு நடுவேதான் அவர் தமது இரண்டாவது வாழ்க்கையை நடத்தினார் என்பதை நேயர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

துணி வியாபாரிகள் இழைகளை எண்ணித் தரம் பார்ப்பதற்குச் சிறிய கண்ணாடி வில்லையொன்றை வைத்திருப்பது வழக்கம். தொழிலுக்கு உதவிய அந்தக் கருவியே லீவன்ஹூக்குக்கு விளையாட்டாயிற்று. அதைவிடப் பெரிதாகக் காட்டும் வில்லை ஒன்றைத் தாமே செய்து பார்க்க விரும்பினார். செய்தார், அதைவிட மேலானதொன்றைச் செய்தார். குன்றிமணியைவிடச் சிறிய வில்லையை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே துளையிற் பதித்து, பார்க்கவேண்டிய பொருளை ஊசி முனையில் ஒட்டி, திருகாணிகளால் முன்னும் பின்னும் நகர்த்தி, கண்ணுக்கு மிக அருகே பிடித்து, வெளிச்சத்துக்கு எதிராக நோக்கினார். உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தப் பூதக்கண்ணாடிகளை அவர் தமது ஆயுளில் ஏறக்குறைய 500 செய்தார். இன்று மிஞ்சியுள்ளவை ஒரு டஜன் அளவே. அவற்றுள் சிறந்தது பொருளை ஏறத்தாழ 270 மடங்கு பெரிதாகக் காட்டுகிறது. கடைக்காரர் ஒருவர் வீட்டு அறையில் உட்கார்ந்து செய்த கருவி இது!

1673-ல் டெல்ஃப்ட் நகரத்து வைத்தியரான ரெய்னியர் டி கிராஃப் என்பவர், இம்மனிதரின் திறமையைக் குறித்து லண்டனிலிருந்த ராயல் சொஸைட்டி என்னும் விஞ்ஞான சபைக்கு எழுதினார். அது முதல் லீவன்ஹூக்கும் அச்சபைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். பாஷை தெரியாது என்று அவர் வெட்கி ஒதுங்கவில்லை. தமக்குத் தெரிந்த வீட்டுப் பேச்சு டச்சில், கண்டதைக் கண்டபடியே எழுதி அனுப்பினார். மொழிபெயர்ப்பது சபையார் பாடாயிற்று. தாய்மொழியில் எழுதினால் உயர்ந்த விஷயங்களைச் சொல்ல முடியாது என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

அவர் ஆராய்ந்த பொருள்கள் எங்கிருந்து வந்தன? தூர தேசங்களிலிருந்து அல்ல. வாசலிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வந்தன. தேனீயின் கொடுக்கு, மரத்துண்டு, கூரையிலிருந்து வடிந்த மழைநீர், தமது விரலில் குத்தி எடுத்த இரத்தம் ஆகிய யாவும் அவருக்கு அதிசயங்களே. 1674-ல் ஊருக்கு அருகிலிருந்த ஓர் ஏரியின் நீர் பச்சைப் பசேலென்றிருப்பதைக் கண்டு, அதில் ஒரு குப்பி முகந்து வந்து பார்த்தார். எத்தனையோ சிறிய பிராணிகள் அதில் ஓடி விளையாடுவதைக் கண்டார்.

1676-ல் அவருக்கு வேறொரு சந்தேகம் எழுந்தது. மிளகு ஏன் காரமாயிருக்கிறது? மலையாளக் கரையிலிருந்தும் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்தும் டச்சுக் கப்பல்கள் ஏற்றிச் சென்ற மிளகு, ஹாலந்தின் வீடுகளில் சாதாரணமாகப் புழங்கிய பண்டம். அதன் உடம்பில் நுண்ணிய முட்கள் இருந்து நாக்கைக் குத்துகின்றனவோ என்று ஐயுற்று, மிளகை நீரில் ஊறவைத்துப் பார்த்தார். முள் ஒன்றும் அகப்படவில்லை. ஊறிய நீரிலோ, அவர் அதுவரை கண்ட பிராணிகளையெல்லாம் விடப் பன்மடங்கு சிறிய உயிர்கள் கணக்கின்றி நெளிந்தன. இன்று பாக்டீரியா என்று நாம் வழங்கும் கிருமிகள் அவை. அந்த விவரத்தை 1676 அக்டோபர் 9-ந் தேதியிட்ட நீண்ட கடிதத்தில் எழுதினார். அதற்குச் சுமார் பத்து நாள் முன்புதான், கடனாளியாய் இறந்துபோன ஓவியர் வெர்மீரின் சொத்துக்கு நிர்வாகியாக நகரசபையார் அவரை நியமித்திருந்தார்கள். கடன்காரர்களின் கணக்கு ஒரு கையில். கிருமிகளின் கணக்கு மற்றொரு கையில். கடமை மிகுந்தவனுக்குப் பொழுதில்லை என்ற வாதம் இங்கே நிற்குமா?

கடிதத்தை வாசித்த சபையார் எளிதில் நம்பவில்லை. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. படிப்பில்லாத கடைக்காரர் ஒருவர், ஒரு துளி நீரில் ஒரு ஜன சமுத்திரத்தைக் கண்டேன் என்றால் யார்தான் நம்புவர்? லீவன்ஹூக் கோபித்துக்கொள்ளவுமில்லை, மனம் சோரவுமில்லை. பாதிரிமார் உள்ளிட்ட கண்ணியமுள்ள எட்டுப் பேரை அழைத்து, தமது கண்ணாடி வழியாகப் பார்க்கச் செய்து, அவர்களுடைய சாட்சியத்தைக் கையொப்பத்துடன் லண்டனுக்கு அனுப்பினார். வக்கீல் தொழில் செய்தவர்கள் மெச்சத்தக்க காரியம் இது. 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் என்னும் பெரிய விஞ்ஞானி தாமே கருவி செய்து, சபையோர் முன்னிலையில் அச்சிறிய உயிர்களைக் காட்டினார். 1680-ல் ராயல் சொஸைட்டி, டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரியைத் தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது.

பெருமை வந்த பின்னும் அவருடைய வழி மாறவில்லை. நம் பாட்டன்மாரைப் போல அவரும் உப்பால் பல் துலக்குபவர். அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தும் பல்லிடுக்கில் வெள்ளையாக ஏதோ தங்குகிறதே என்று அதைச் சுரண்டிப் பார்த்தார். ஆயுளில் ஒருநாளும் பல் துலக்காத கிழவர் ஒருவரைப் பிடித்து, அவர் பல்லின் அழுக்கையும் பார்த்தார். மனித வாய்க்குள்ளேயே ஒரு ராஜ்யத்து ஜனங்களைவிட அதிகமான உயிர்கள் வாழ்வதைக் கண்டு 1683-ல் எழுதினார். தம் வாயைப் பற்றிய செய்தியில் ஒரு மனிதன் இவ்வளவு மகிழ்ச்சி அடைந்தது சரித்திரத்திலேயே அபூர்வம். 1698-ல் ருஷியச் சக்கரவர்த்தி மகா பீட்டர் டெல்ஃப்டுக்கு வந்தபோது, விலாங்கு மீனின் வாலில் இரத்தம் ஓடுவதை அவருக்குக் காட்டினார். பிறகு மறுபடியும் தமது அறைக்குள் போய்விட்டார்.

இவருடைய குறையையும் மறைக்காமல் சொல்வது நியாயம். மிகச் சிறந்த கண்ணாடிகளை அவர் பிறருக்குக் காட்டமாட்டார். அவற்றைச் செய்யும் முறையை ஒருவருக்கும் கற்பிக்கமாட்டார். இளைஞர்களைச் சேர்த்து இவ்வித்தையைப் பயிற்றவேண்டுமென்று ஜெர்மானிய தத்துவ ஞானி லைப்னிட்ஸ் வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. அதனால் நேர்ந்தது என்ன? அவருக்குப் பின் வெகுகாலம் அவ்வளவு தெளிவாகப் பார்ப்பவர் இல்லாமற் போயினர். அவருடைய கருவிகளை உடைக்காமலே 2021-ல் நியூட்ரான் கதிர்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். மிகச் சிறந்த கண்ணாடியின் வில்லை, ஹூக் அக்காலத்திலேயே அச்சிட்டு வெளியிட்டிருந்த முறையை ஒட்டி, கண்ணாடியை உருக்கிச் செய்த மணி என்று தெரியவந்தது. அவர் அரும்பாடுபட்டுக் காத்த இரகசியம், ஒரு பாதி ஊரறிந்த செய்தியாகவே இருந்திருக்கிறது! இன்பந்தரும் வித்தையைத் தனக்கென்று பூட்டி வைப்பவன் அதை வளர்ப்பதில்லை. தன்னோடு கல்லறைக்கே எடுத்துச் செல்கிறான்.

லீவன்ஹூக் 1723 ஆகஸ்டு 26-ந் தேதி, தொண்ணூறு வயது கடந்து காலமானார். அதற்குள் ராயல் சொஸைட்டிக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ 190. கடைசி நோயில் அவருடைய வயிற்றுக்கு மேலே உதரவிதானம் துடிக்கத் தொடங்கியது. அந்தத் துடிப்பையும் ஒரு ஆராய்ச்சிப் பொருளாகவே கொண்டு விவரித்து எழுதினார்; அந்த அபூர்வ நோய்க்கு இன்று வைத்திய நூல்களில் அவர் பெயரே வழங்குகிறது. படுக்கையில் கிடந்தபடியே, இன்னும் இரண்டு கடிதங்களை மொழிபெயர்த்து லண்டனுக்கு அனுப்பும்படி நண்பரிடம் ஒப்படைத்தார். தொண்ணூறாம் வயதில் மறுநாளுக்கென்று வேலை வைத்திருந்த மனிதர் அவர்! அவர் மரணத்துக்குப் பின் மகள் மரியா, தந்தையின் விருப்பப்படி, வெள்ளியாற் செய்த 26 பூதக்கண்ணாடிகளைப் பெட்டியில் வைத்துச் சபைக்கு அனுப்பினாள். பிற்காலத்தில் அவை காணாமற் போய்விட்டன.

அவர் கண்ட கிருமிகளால் மனித ஜாதிக்கு என்ன நன்மை விளைந்தது என்று கேட்கலாம். மிளகுநீர்க் கடிதத்துக்குச் சரியாக 200 வருஷம் கழித்து, 1876-ல், ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய வைத்தியர், ஆந்திராக்ஸ் என்னும் கால்நடை நோய்க்கு ஒரு கிருமியே காரணமென்று ருசுப்படுத்தினார். அதற்குப் பின் எத்தனை நோய்கள் அடங்கின, எத்தனை சிசுக்கள் பிழைத்தன என்பதை உலகம் அறியும். நான்கு குழந்தைகளைப் பறிகொடுத்த அத்தந்தைக்கு இந்தப் பயன் தெரியவே தெரியாது. அவர் பயனைத் தேடி உட்காரவில்லை. பார்ப்பதிலேயே இன்பம் கண்டார். அந்த இன்பம் ஐம்பது வருஷம் தினந்தோறும் அவருக்குக் கூலி கொடுத்தது. உலகத்துக்குக் கிடைத்த நன்மை அதன்மேல் வந்த வட்டி.

ஆகவே, பொழுதில்லை என்பவருக்கு நாம் சொல்வது இது. மூன்று உத்தியோகம் பார்த்த மனிதருக்குப் பொழுது கிடைத்தது. பொருளில்லை என்பவருக்கு, ஒரு குப்பி ஏரி நீருக்கு விலை இல்லை. படிப்பில்லை என்பவருக்கு, அவர் கற்றது ஒரே பாஷை. பொதுக் கடமையை நினைத்துத் தயங்கும் நண்பருக்கோ சற்று அதிகமாகவே சொல்ல வேண்டும். கூட்டமும் கோஷமும் தீர்மானமுமாகவே நாட்களைக் கழிப்பவன் சில வருஷங்களில் வறண்டு போகிறான். தோல்வி வந்தால் கசந்து போகிறான். தன் கையால் ஒன்றைச் செய்து, தன் கண்ணால் ஒன்றைக் கண்டு மகிழும் வழக்கம் உள்ளவனிடம் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறது. அவன் தளர்ந்தாலும் மறுபடி எழுவான்.

வீணையோ, தச்சு வேலையோ, தோட்டமோ, பழைய நாணயமோ, வானத்து நக்ஷத்திரமோ எதுவாயினும் ஆகுக. இன்று மாலை அரைமணி நேரம் போதும். மறுநாளும் அரைமணி நேரம் அதற்கென ஒதுக்குங்கள். கற்றதை அயல்வீட்டுப் பிள்ளைக்கும் கற்றுக் கொடுங்கள். டெல்ஃப்ட் நகரத்துப் பெரியவர் செய்யத் தவறியது அது ஒன்றே. தொண்ணூறாம் வயதிலும் நாளை விடியட்டும், இதைப் பார்த்துவிடுவோம் என்ற ஆவலோடு ஒருவன் கண்ணுறங்குவானாயின், அவனைவிடச் செல்வந்தன் இவ்வுலகில் யார்?