ஒலியைப் பகுத்த லான்ஸிங்

திருவண்ணாமலை போன்ற திருவிழா மலிந்த நகரில் வாழ்வோர்க்குக் கூம்பு ஒலிபெருக்கியைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதின்று. கம்பத்தின் உச்சியில் கட்டப்பெற்ற அச்சிறு கருவி, கார்த்திகைத் தீபத்திற்குத் திரண்ட கூட்டத்தின் ஆரவாரத்தையும் ஊடுருவி, காணாமற்போன குழந்தையின் பெயரை நெடுந்தொலைவு கொண்டுசேர்க்கும் ஆற்றலுடையது. ஆயின், அதே கூம்பின் வழியே மேளக் கச்சேரி கேட்போமாயின், நாகசுரம் தெளிவாக ஒலிக்கும். தவிலின் தொப்பி முழக்கமோ தேய்ந்து மறையும். சொல்லைக் காக்கும் கருவி முழக்கத்தைக் கைவிடுவதேன்? இரண்டையும் ஒருங்கே காக்கும் வழி யாது? இவ்வினாக்களுக்கு விடை கண்டோருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஜேம்ஸ் பி. லான்ஸிங் என்பார். ஜே.பி.எல். என்னும் மூன்றெழுத்துப் பொறித்த பெட்டிகளை மேடைகளிற் கண்டோர் பலர். அவ்வெழுத்துக்கள் ஒரு மனிதரின் பெயர் என்பதை அறிந்தோர் சிலரே. அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

லான்ஸிங் 1902 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 14 ஆம் நாள் அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்திற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஜேம்ஸ் மார்ட்டினி என்பது. தந்தையார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலில் ஈடுபட்ட பொறிஞர். பதினான்கு மக்களுள் இவர் ஒன்பதாமவர். இளமையிற் சின்னாள் புல்லோ என்னும் குடும்பத்தாரிடம் தங்கி வாழ்ந்தார்; அந்நன்றியை மறவாது பின்னர் அவர்தம் பெயரைத் தம் பெயரின் நடுவே அமைத்துக்கொண்டார். மின்சாரம் தேக்கும் லேடன் ஜாடியைப் பத்து வயதளவிலேயே தம் கையாற் செய்து, உடன் விளையாடும் சிறுவர்க்கு அதிர்ச்சியூட்டி மகிழ்ந்தவர் என்று அவர் வரலாறு கூறும். பல்கலைக்கழகப் பட்டம் யாதும் பெற்றிலர். மோட்டார் வண்டி பழுதுபார்க்கும் தொழிலைச் சில காலம் செய்தார். 1924 ஆம் ஆண்டில் தாயார் இறந்தபின், வீட்டை விட்டு மேற்றிசை நோக்கிச் சென்று ஸால்ட் லேக் நகரத்தில் ரேடியோ நிலையம் ஒன்றிற் பணியாற்றினார். அங்கேதான் கென் டெக்கர் என்பாருடைய நட்புக் கிடைத்தது. இருவரும் லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரடைந்து 1927 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஒலிபெருக்கி செய்யும் தொழிற்சாலை ஒன்றை நிறுவினர். அப்போதுதான் மார்ட்டினி என்பவர் லான்ஸிங் ஆயினார். கருவி இயற்றுதல் லான்ஸிங் பொறுப்பு. கொடுக்கல் வாங்கலும் கணக்கும் டெக்கர் பொறுப்பு. இப்பகுப்பை வாசகர் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம்.

நிற்க. அவ்வாண்டிலேயே அமெரிக்காவிற் பேசும்படம் பெருவரவேற்புப் பெற்றது. நான்காண்டுகட்குப் பின் 1931 இல் நம் தமிழ்நாட்டிலும் காளிதாஸ் வெளிவந்தது. திரையில் உருவம் பெரிதாயிற்று; ஒலியோ அதற்கு ஈடுகொடுக்கவில்லை. எம்.ஜி.எம். படநிலையத்தின் ஒலிப்பகுதித் தலைவர் டக்ளஸ் ஷியரர் என்பார் இக்குறையைப் பொறாது, 1933 ஆம் ஆண்டளவில் தம் நிலையத்தாரைக் கொண்டே புதிய ஒலிபெருக்கி அமைக்கத் துணிந்தார். ஜான் ஹில்லியர்ட் அப்பணியை நடத்தினார். ஒலியெழுப்பும் உறுப்புக்களைச் செய்தளித்தவர் லான்ஸிங்.

அவர்கள் கண்ட நெறி யாது? மிருதங்கத்திற்குத் தொப்பி ஒன்று, வலந்தலை ஒன்று. தடித்த ஒலியும் கூரிய ஒலியும் ஒரே தோலினின்று எழுமாறு நம் முன்னோர் செய்திலர். ஒலிபெருக்கியிலும் அதுவே முறை. தாழ்ந்த ஒலி எழுப்பப் பெருங்காற்றைத் தள்ளவேண்டும். அதற்கு அகன்ற தாட்கூம்பு தேவை. உயர்ந்த ஒலி எழுப்ப நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரவேண்டும். அதற்கு எடையற்றதனையொத்த சிறு தகடு தேவை. ஆதலின் லான்ஸிங், தாழ்ந்த பகுதிக்கு 15 அங்குல அகலமுள்ள உறுப்பையும், உயர்ந்த பகுதிக்கு 3 அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த அலுமினியத் தகட்டையும் அமைத்தார். அத்தகட்டை அசைக்கும் சுருளைத் தட்டையான அலுமினிய நாடாவாக்கி, விளிம்பு மேலாக நிறுத்திச் சுற்றினார். இதனாற் காந்தத்தின் குறுகிய இடைவெளியில் உலோகம் மிகுதியாக அடங்கிற்று; சிறிது மின்னாற்றலும் பெரிய ஒலியாயிற்று.

இனி, எந்த அதிர்வெண்ணில் ஒன்று விட மற்றொன்று ஏற்பது? கிராஸ்ஓவர் எனத் தொழிலாளர் வழங்கும் இவ்வெல்லையை நாட்டுவதே அரிய வினையாகும். எல்லையைத் தாழ்த்துவோமாயின், சிறு தகட்டிற்குத் துன்பம். ஒலியளவு மாறாதிருக்க, அதிர்வெண் பாதியாகுந்தோறும் கூம்பிற் பொருந்திய தகட்டின் அசைவு இருமடங்காதல் வேண்டும். கூம்பின் துணை நீங்கின் நான்கு மடங்காகும். ஒவ்வொரு கூம்பிற்கும், அதற்குக் கீழே அது துணைசெய்யாத ஓர் அளவுண்டு. 300 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் கூம்பின் வாயின் சுற்றளவு அவ்வொலியின் அலைநீளமாகிய 115 சென்டிமீட்டரை ஒத்திருத்தல் வேண்டும். அஃதாவது வாய் ஏறத்தாழ 37 சென்டிமீட்டர் அகலம். அவ்வெல்லைக்கு அருகிலேயே தகட்டை உழைக்கச் செய்யாது, சற்று மேலே 500 ஹெர்ட்ஸை ஒட்டிப் பிரித்தலே நலம். கம்பத்துக் கூம்பு தவிலைக் கைவிடும் காரணமும் இதுவே. அதன் சிறு வாய்க்கு அத்துணைத் தாழ்ந்த ஒலி அடங்காது.

எல்லையை மிக உயர்த்துவோமாயின் வேறொரு தீங்கு விளையும். 15 அங்குலத் தாட்கூம்பின் அகலமும் ஒலியின் அலைநீளமும் 1000 ஹெர்ட்ஸ் அளவில் ஏறத்தாழ ஒத்துவிடும். அதற்கு மேல் ஒலி பரவாது, விளக்கொளிபோல் நேர்முகமாகவே செல்லும். நடுவில் அமர்ந்தோர் கேட்பர், ஓரத்தில் அமர்ந்தோர் கேளார். அன்றியும் உயிரெழுத்துக்களின் நிறைவு பெரும்பாலும் தாழ்ந்த பகுதியிலும், வல்லின மெய்களின் கூர்மை 1000 ஹெர்ட்ஸிற்கு மேலும் நிற்பன. மேல்நோக்கிச் செல்லச் செல்லச் செவியின் நுண்ணுணர்வும் மிகும். தையல் அவ்விடத்து விழின் எளிதிற் புலப்படும். இக்காரணங்களாற்றான் ஷியரர் கூம்பு 400 ஹெர்ட்ஸை ஒட்டிப் பிரிக்கப்பட்டது. 1937 ஆம் ஆண்டில் லான்ஸிங் வெளியிட்ட ஐகானிக் என்னும் சிறிய அமைப்பில், உயர்பகுதிக் கூம்பு சிறிதாதலின், எல்லை 800 ஹெர்ட்ஸாயிற்று. எண்கள் வேறுபடினும் நெறி ஒன்றே: இருவருள் மெலியவனால் தாங்கத்தக்க இடத்திலேயே எல்லைக்கல் நாட்டுக. நம் ஊர்களிற் சவுண்டு செட் வைத்திருப்போர் தாமே இருகூம்பு அமைப்பு இயற்ற முற்படின், பிறர் சொன்ன எண்ணைக் கொள்ளாது, தம் கூம்பின் வாயையும் தம் தகட்டின் வலிமையையும் முதற்கண் அளந்தறிதல் வேண்டும்.

பிரித்தால் மட்டும் போதுமோ? பிரிந்தவை ஒருங்கே வந்து சேரவும் வேண்டுமன்றோ! பெல் ஆராய்ச்சிச் சாலையார் 1933 இற் காட்டிய பேரமைப்பில் தாழ்பகுதிக் கூம்பு நீண்டு மடிந்திருந்தது. உயர்பகுதிக் கூம்பு குறுகியிருந்தது. அத்தகைய அமைப்பில் காலடித் தாள நடனம் ஒன்றின் ஒலியைக் கேட்டபோது, ஒவ்வோர் அடியும் இரண்டு அடிகளாகக் கேட்டது. நொடியில் ஆயிரத்திலொரு கூறு என்பது ஒலி ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்லும் காலம். நீண்ட கூம்பின் ஒலி அதனினும் பன்மடங்கு பிந்தி வந்தது. எம்.ஜி.எம். குழுவினர் தாழ்பகுதிக் கூம்பைக் குறுக்கி, இரண்டு ஒலிகளும் புறப்படும் இடங்களை ஒன்றற்கொன்று ஒப்ப அமைத்துக் குறையை நீக்கினர். 1936 ஆம் ஆண்டிற்குரிய அமெரிக்கத் திரைக்கலைக் கழகத்தின் அறிவியற் பரிசு, இவ்விருகூம்பு அமைப்பிற்காக ஷியரருக்கும் அவர்தம் பகுதியினர்க்கும் கிடைத்தது. பரிசில் லான்ஸிங் பெயர் இல்லை. ஒலியில் அவர் கைவண்ணம் இருந்தது.

இத்துணைச் சிறப்பெய்திய வாழ்வில் 1939 ஆம் ஆண்டில் இடி வீழ்ந்தது. நண்பர் டெக்கர் விமான விபத்தில் மாண்டார். கருவியறிந்த லான்ஸிங்கிற்குக் கணக்கு வராது. தொழிற்சாலையின் நிலை தாழ்ந்தது. 1941 ஆம் ஆண்டு டிசம்பரில் ஆல்டெக் என்னும் நிறுவனத்தார் அதனை 50,000 டாலருக்கு வாங்கினர். லான்ஸிங் அங்கே ஐந்தாண்டு பணிபுரிந்தார். அக்காலத்தில் 1945 இல் வெளிவந்த வாய்ஸ் ஆப் தி தியேட்டர் என்னும் வரிசை, நெடுங்காலம் படக்கொட்டகைகளின் குரலாக விளங்கிற்று. அவ்வரிசையிற் பெரியவை 500 ஹெர்ட்ஸிலும், ஏ-7 என்னும் சிறியது 800 ஹெர்ட்ஸிலும் பிரிக்கப்பட்டமை முற்கூறிய நெறிக்குச் சான்றாகும்.

1946 இல் ஒப்பந்தம் முடிந்ததும் லான்ஸிங் தனியே புதிய தொழிற்சாலை தொடங்கினார். அவர் செய்த டி-130 என்னும் 15 அங்குல உறுப்புப் பெரும்புகழ் பெற்றது; ஆயினும் கடன் அதனினும் விரைவாகப் பெருகிற்று. 1949 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், நாற்பத்தேழாம் அகவையில், அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்தோ! பின்னர் வில்லியம் தாமஸ் என்பார் பொறுப்பேற்றார், தொழில் தழைத்தது, நிறுவியவர் பெயர் உலகெங்கும் பரவிற்று. அதனைக் காண அவர் இலர்.

இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் எம் நெஞ்சம் ஒன்றை எண்ணி வருந்தும். ஓர் உறுப்பின்மீது அதன் ஆற்றலுக்கு மேற்பட்ட சுமையை ஏற்றலாகாது என்பதை இவரினும் நன்கறிந்தார் இலர். எனினும், டெக்கர் மறைந்தபின் இருவர் சுமையை ஒருவராகவே சுமந்தார். சிறு தகடு தாங்காத ஒலியைப் பெருங்கூம்பிற்கு விடுவது தகட்டிற்கு இழுக்கன்று. அதுவே இசை நிறைவுறும் வழி. மாணவ நண்பர்காள், தேர்வோ குடும்பமோ கடனோ நம் வலிமைக்கு மேற்பட்டு அழுத்துங்காலத்து, உற்ற நண்பரிடத்தும் ஆசிரியரிடத்தும் அதனை எடுத்துரைத்துப் பகிர்ந்துகொள்வோமாக. நம் பக்கத்தில் ஒருவர் சுமை தாங்காது தளர்வதைக் காணின், அவர் கேளாமுன் நாமே சென்று தோள் கொடுப்போமாக.