வெளிச்சத்துக்குக் கணக்குப் போட்ட சந்திரசேகர்

சூரியனுக்குள் பிறக்கும் வெளிச்சம் நேராக வெளியே வந்துவிடுவதில்லை. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய பிள்ளையைப் போல், அங்கும் இங்கும் மோதித் தள்ளாடித்தான் வருகிறது. அந்தத் தள்ளாட்டத்துக்கே கணக்குப் போட்டவர் ஒரு தமிழர். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சென்னையில் படிப்பு

1910-ல் லாகூரில் பிறந்தார். தந்தை ரெயில்வே அதிகாரி. சர் சி.வி. ராமன் இவருக்குச் சிற்றப்பா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும், கடற்கரை எதிரே உள்ள மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். தம் கல்லூரியில் படித்த லலிதாவை 1936-ல் மணந்தார். மறு ஆண்டு அமெரிக்காவில் யெர்க்ஸ் வானாராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

முடியாத கணக்கு

ஒரு திசையில் போகும் வெளிச்சம் எவ்வளவு? மற்ற எல்லாத் திசைகளிலும் போவது தெரிந்தால்தான் இது தெரியும். இது தெரிந்தால்தான் அதுவும் தெரியும்! நல்ல சிக்கல்தான்.

ஆகவே, முதலில் உத்தேசமாக ஒரு விடையை வைத்துக்கொள்வார்கள். அதைக்கொண்டு கணக்கிட்டால், அதைவிடச் சரியான விடை வரும். அதை வைத்து மறுபடியும் கணக்கிடுவார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். அப்போது இன்று போல் கம்ப்யூட்டர் கிடையாது. ஒவ்வொரு சுற்றையும் மனிதர்களே உட்கார்ந்து போடவேண்டும்.

பூந்தமல்லிக்கு நடந்து போகிறவர் கடற்கரையில் புறப்பட்டால் பொழுது போய்விடும். குமணன்சாவடியில் புறப்பட்டால் சிறிது நேரத்தில் போய்விடலாம். முதல் உத்தேசமும் அப்படித்தான். அது விடைக்குப் பக்கத்தில் இருந்தால், சுற்றுகள் குறையும்.

சந்திரசேகரின் யுக்தி

எண்ணற்ற திசைகளை விட்டு, சில திசைகளை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். இத்தாலிய விஞ்ஞானி விக் 1943-ல் காட்டிய வழி அது. அந்தச் சின்னக் கணக்குக்குச் சரியான விடை கண்டு, அதையே பெரிய கணக்குக்கு முதல் உத்தேசமாக வைத்தார். சமன்பாட்டையும் சுற்றுகள் குறையும்படி மாற்றி எழுதினார். பிரான்சிஸ் பிரீன் என்ற பெண்மணி கூட இருந்து, எண்களைப் பொறுமையாகக் கணக்கிட்டுத் தந்தார்.

பலன் கிடைத்தது. பகல் வானத்து ஒளியைப் பற்றி ராலே பிரபு 1871-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் தீராமல் நின்ற கணக்கு, 1946-ல் தீர்ந்தது. 1950-ல் புத்தகமும் வந்தது. இவருக்கு 1983-ல் கிடைத்த நோபல் பரிசு, நட்சத்திரங்களின் அமைப்பை ஆராய்ந்ததற்காக. ஆனால் அவருக்கு மிகுந்த மனநிறைவு தந்தது இந்த வெளிச்சக் கணக்குத்தான்.

1995 ஆகஸ்டு 21-ந் தேதி சிகாகோவில் காலமானார்.

அணு உலைக்குள் நியூட்ரான் துகள்களும் வெளிச்சத்தைப் போலவே மோதி மோதித் திரிகின்றன. உலையைச் சுற்றி எழுப்பும் காப்புச் சுவர் எவ்வளவு கனமாக இருக்கவேண்டும் என்று கணக்கிட, சில திசைகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் அதே வழி இன்று கம்ப்யூட்டரில் ஓடுகிறது.