பேராசிரியர் ஓட்டோ கான்-பிராய்ன்ட்: வேலை பறிக்கப்பட்ட நீதிபதி

துறைமுகத்திலும் கிட்டங்கியிலும் உழைத்த நம் முன்னோருக்கு முதலாளியின் சொல்லே சட்டமாக இருந்த காலம் ஒன்று உண்டு. நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. இன்று மலேசியாவில், தக்க காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி முறையிட வழி இருக்கிறது. இத்தகைய பாதுகாப்புக்காகச் சிந்தித்த அறிஞர்கள் பலர் உலகில் உண்டு. அவர்களுள் தம் வேலையையே விலையாகக் கொடுத்த ஒருவரை இம்மலரின் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகிறோம்.

1900 நவம்பர் 17ஆம் நாள் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் ஓட்டோ கான்-பிராய்ன்ட் பிறந்தார். அந்நகரப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் ஹூகோ சின்ஸ்ஹைமர். ஜெர்மானியத் தொழிலாளர் சட்டத்தின் தந்தை என்று போற்றப்படுபவர். 1919ஆம் ஆண்டின் வைமார் அரசியல் சாசனத்தில் தொழிலாளர் உரிமைகள் இடம்பெற உழைத்தவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே இடம் போதாது.

படிப்பை முடித்த கான்-பிராய்ன்ட் பெர்லினில் தொழிலாளர் நீதிமன்ற நீதிபதியானார். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அந்த நீதிமன்றங்களில் முதலாளி தரப்பிலிருந்து ஒருவரும் தொழிலாளர் தரப்பிலிருந்து ஒருவரும் அமர்வார்கள். நடுவில் சட்டம் படித்த நீதிபதி இருப்பார். நாட்டின் உச்சத் தொழிலாளர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளை ஆராய்ந்து 1931இல் அவர் ஒரு நூல் எழுதினார். அத்தீர்ப்புகளில் இத்தாலியப் பாசிசத்தின் சாயல் தெரிகிறது என்பது அவர் கண்ட முடிவு. பதவியில் இருக்கும் இளம் நீதிபதி இப்படி எழுதுவது சாதாரணத் துணிச்சலல்ல.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். வானொலி ஊழியர்கள் சிலர் பொதுவுடைமைக்காரர்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்ட வழக்கு கான்-பிராய்ன்ட் முன் வந்தது. ஆதாரம் இல்லை, நீக்கியது முறையல்ல என்று அவர் ஊழியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆட்சியாளரின் மனம் அறிந்து எழுதியிருந்தால் சில நாள் பிழைத்திருக்கலாம். அதைச் செய்யவில்லை. அவ்வாண்டே அவருடைய பதவி பறிபோயிற்று. மே 2ஆம் நாள் நாடெங்கும் தொழிற்சங்க அலுவலகங்களை நாஜிகள் கைப்பற்றினார்கள். ஆசிரியர் சின்ஸ்ஹைமர் ஹாலந்துக்கும் மாணவர் லண்டனுக்கும் தப்பிச் சென்றார்கள்.

லண்டனில் நீதிபதி மீண்டும் மாணவரானார். லண்டன் பொருளியல் கல்லூரியில் சேர்ந்து ஆங்கிலச் சட்டத்தை முதலிலிருந்து படித்தார். பின் அங்கேயே விரிவுரையாளராகி, 1951இல் பேராசிரியரானார். 1964 முதல் 1971 வரை ஆக்ஸ்போர்டில் ஒப்பீட்டுச் சட்டப் பேராசிரியராக இருந்தார்.

பிரிட்டனில் அவர் கண்டது வியப்பான காட்சி. சங்கங்களும் முதலாளிகளும் கூடிப் பேசிக் கூட்டு ஒப்பந்தம் செய்துகொள்வார்கள். அதை நிறைவேற்றித் தரும்படி நீதிமன்றத்துக்குப் போவதில்லை. 1906ஆம் ஆண்டுச் சட்டம் வேலைநிறுத்தம் செய்வோர்மீது வழக்குத் தொடராமல் காப்பு அளித்தது. மற்றபடி அரசு பெரிதும் ஒதுங்கியே நின்றது. ஆங்கிலேயருக்குப் பழகிப்போன இந்த ஏற்பாட்டுக்குப் பெயரிட்டு விளக்கம் தந்தவர் வெளியிலிருந்து வந்த இந்த அகதிதான். அரசு கொடுத்ததை அரசே ஒரே நாளில் பறித்ததைக் கண்ணால் கண்டவர் அல்லவா! தனித் தொழிலாளியும் முதலாளியும் சமமானவர்கள் என்பது ஏட்டில்தான். அந்த ஏற்றத்தாழ்வை ஈடுசெய்வதே தொழிலாளர் சட்டத்தின் முதல் வேலை, அதற்குத் தொழிலாளர் ஒன்றுசேரும் பலம் வேண்டும் என்று 1972இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். சங்கமே இல்லாத சிறு கடைகளிலும் உணவகங்களிலும் வேலை பார்ப்போருக்கு இந்த வழி அதிகம் உதவவில்லை என்பதையும் நாம் சொல்லியாக வேண்டும்.

1965இல் டொனோவன் பிரபு தலைமையில் அமைந்த அரச ஆணையத்தில் அவரும் உறுப்பினர். 1968இல் வெளிவந்த அதன் அறிக்கை, நியாயமற்ற வேலைநீக்கத்துக்கு எதிராகச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்றது. ஆனால் கூட்டு ஒப்பந்தங்களைச் சட்டத்தால் கட்டவும் முயன்றது. இரு தரப்பும் தங்கள் ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று எழுதிவைத்துத் தப்பித்துக்கொண்டன! 1972 ஜூலையில் துறைமுகத் தொழிலாளர் ஐவர் சிறை சென்றபோது நாடே கொந்தளித்தது. ஒரு நாட்டுச் சட்டத்தைப் பிடுங்கி இன்னொரு நாட்டில் நடுவது எளிதல்ல என்று கான்-பிராய்ன்ட் 1973இல் ஆற்றிய உரை இன்றும் மேற்கோளாகிறது. நம் நாடுகளில் கூட்டு ஒப்பந்தத்துக்கு நீதிமன்றத்தின் அங்கீகாரமும் சட்டத்தின் பலமும் உண்டு. பிரிட்டனின் வழியைச் சட்டங்களில் பெரிதும் பின்பற்றிய நாம் இதில் வேறு பாதையில் போனோம்.

1974இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. வேலைநீக்கப் பாதுகாப்பு மட்டும் நிலைத்தது.

1976இல் அவருக்குச் 'சர்' பட்டம் கிடைத்தது. 1979இல் வெளிவந்த கடைசி நூலில், தாம் நேசித்த தொழிற்சங்கங்களின் குறைகளையும் தயங்காமல் எடுத்துக்காட்டினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் காலமானார். அவருடைய 1972ஆம் ஆண்டு நூலை ஆக்ஸ்போர்டு அறிஞர்கள் இருவர் புதுப்பித்து, 1983இல் அவர் பெயரையே தலைப்பில் சேர்த்து வெளியிட்டார்கள்.