ஜான் வேன்

சர் ஜான் ராபர்ட் வேன் (மார்ச் 29, 1927 - நவம்பர் 19, 2004) ஆங்கிலேய மருந்தியல் அறிஞர் ஆவார். ஆஸ்பிரின், இன்டோமெதசின் போன்ற அழற்சி நீக்கும் வலிநிவாரணிகள் உடலில் செயல்படும் விதத்தை 1971இல் கண்டறிந்தார். பித்தப்பை வலிக்கு இம்மருந்துகளைப் பயன்படுத்தும் முறை இக்கண்டுபிடிப்பின் வழியே உருவானது.

வாழ்க்கை

இங்கிலாந்தின் வூஸ்டர்சயர் பகுதியில் பிறந்தார். பன்னிரண்டாம் வயதில், பரிசாகக் கிடைத்த வேதியியல் பெட்டியைக் கொண்டு சமையலறையில் அவர் செய்த சோதனை வெடிப்பில் முடிந்தது. அதன்பின் தந்தையார் தோட்டத்தில் தனிக் கொட்டகை அமைத்துக் கொடுத்தார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கற்ற வேதியியல் அவருக்குச் சலிப்பையே தந்தது. மருந்தியல் என்னவென்றே அறியாமல் ஆக்ஸ்போர்டு சென்று, ஹரோல்டு பர்னிடம் அத்துறையைப் பயின்றார். 1955 முதல் 1973 வரை இலண்டனில் உள்ள அறுவை மருத்துவர்களின் அரச கல்லூரியில் பணியாற்றினார்.

ஆய்வு

ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருந்தும், அது வலியைத் தணிக்கும் காரணம் எழுபது ஆண்டுகளாக விளங்கவில்லை. கினிப்பன்றியின் நுரையீரல் திசுவில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உருவாவதை ஆஸ்பிரின் தடுப்பதை வேன் காட்டினார். அழற்சியையும் வலியையும் தூண்டுவது இப்பொருளே. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும் அதுவே. இம்மருந்துகளால் வயிற்றுப்புண் உண்டாவது இதனால்தான்.

பித்தப்பை நோயில்

கல் அடைத்துக்கொள்ளும்போது பித்தப்பையின் சுவரில் புரோஸ்டாகிளாண்டின் மிகுகிறது. சுவர் உள்நோக்கி நீரைச் சுரக்க, பை விம்மி அழுத்தம் ஏறுகிறது; கடும் வலி தோன்றுகிறது. மார்பின் வலியை மறைத்தாலும் இவ்வழற்சியைக் குறைப்பதில்லை. பித்தக்குழாயின் முடிவிலுள்ள சுருக்குத்தசையை இறுக்கவும் கூடும். வேனின் முடிவைப் பின்பற்றி, சுவீடன் மருத்துவர்கள் பித்தப்பை வலிக்கு இன்டோமெதசின் ஊசி அளித்து, அது பயன்தருவதை 1979இல் அறிவித்தனர். உள்ளழுத்தமும் குறைவது பின்னர் தெரியவந்தது. தமிழக மருத்துவமனைகளில் பழக்கமான டைக்ளோபெனாக்கும் இவ்வகையே. கல்லை இவை கரைப்பதில்லை. அதற்குப் பெரும்பாலும் அறுவை மருத்துவமே வேண்டும்.

பித்தக்குழாயில் உள்நோக்கிக் கருவி செலுத்தியபின் சிலருக்குக் கணைய அழற்சி ஏற்படுவதுண்டு. அபாயம் மிகுந்த 602 பேரிடம் அமெரிக்காவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், மலவாய் வழியே இன்டோமெதசின் பெற்றவர்களில் 9.2 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 16.9 விழுக்காட்டினருக்கும் இது ஏற்பட்டது.

விருதுகள்

1982ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை பெர்க்ஸ்ட்ரோம், சாமுவேல்சன் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். 1984இல் சர் பட்டம் பெற்றார். 1986இல் இலண்டனில் வில்லியம் ஹார்வி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.